ஊசி போடாத நாய்

பதினோராவது ஊசி போட்ட மறுநாள் காலை, என் இரண்டு பாதங்களும் நனைந்திருப்பதுபோல் இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தன. அடுப்படிக்குப் போக எழுந்தேன். மூன்றாவது அடியில் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாய்க்கடிக்கு வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால் பயந்து நிறுத்திவிட வேண்டாம். என்னைப்போல் ஆகிறவர்கள் மிகச் சிலர். அந்த ஊசிகள் எனக்கு ஏன் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்போது இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. கணவர் அந்தோணிக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜிம்மி என்று ஒரு செவலை நாய் இருந்தது.

ஒரு நாள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிஸ்பென்சர் ஐயா ஓர் அறிவித்தலைக் கொடுத்து, தமிழில் எழுதித் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் வாசிக்கச் சொன்னார். வளர்க்கும் நாய்களுக்கெல்லாம் விசர்நோய் என்ற வெறிநோய்க்குத் தடுப்பூசி. போட்ட நாயின் கழுத்தில் தகர வில்லை கட்டப்படும். வில்லை இல்லாத நாயைத் தோட்டக் காவல்காரரான வாச்சர் சுடுவார். முந்தின வருடமும் நாய்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். அன்று ஊசி இருக்கவில்லை, துப்பாக்கி இருந்தது. அதனால் லயத்தில் யாரும் நம்பவில்லை.

"நீங்க சொன்னா கூட்டிட்டு வாறோம் டீச்சர். ஒன்னும் பண்ண மாட்டாங்களே?" என்று கொழுந்தெடுக்கும் பாப்பாத்தி கேட்டார்.

"இந்தத் தடவ ஊசிதாங்க. பயப்படாம வாங்க" என்றேன்.

அந்த நாள் வந்தபோது ஜிம்மியை உள்ளறையில் கட்டிக் கதவைச் சாத்தினேன். அந்தோணி பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரையும் வரச் சொல்லிட்டு நம்ம நாய ஒளிச்சு வச்சா எப்புடி?"

"மொதல்ல அதுகளுக்கு என்ன நடக்குதுன்னு பார்ப்போம்."

எல்லா நாய்களும் வில்லையோடு திரும்பின. அதுவரை வாச்சர் கண்ணில் படாமல் ஜிம்மியை வைத்துக்கொண்டு, அடுத்த முறை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, எங்கிருந்தோ வந்த ஒரு நாயோடு ஜிம்மி மழைநீர் ஓடும் கானுக்குள் சண்டை போட்டது. இழுத்து விலக்கப் போனபோது என் கெண்டைக்காலில் கடித்தது ஜிம்மிதான். மறுநாள் அது சோறு தின்னவில்லை. அந்தோணி பயந்துபோய் வாச்சரைக் கூட்டிவந்து சுடச் சொன்னார். தேயிலைக்குக் கீழே புதைத்தார்கள். விடாத மழை.

அந்த மழையில் ஆஸ்பத்திரிக்குப் போக நான்கு நாளாகிவிட்டது. அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் காயத்தை விட நாயைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்.

"கட்டி வச்சிருந்தால் பத்து நாளிலை தெரிஞ்சிருக்கும். நாய் உயிரோடை இருந்தால் ஊசியே தேவையில்லை. இப்ப ஒண்டும் சொல்லேலாது" என்றார்.

வயிற்றைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசிகள். பதினொன்றோடு நின்றது. கால்கள் இடுப்புவரை மரத்தன; சிறுநீர் இறங்கவில்லை. ரப்பர்க் குழாய் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த மருந்தை ஆட்டின் மூளையிலிருந்து எடுக்கிறார்களாம். எப்போதாவது ஒருவருடைய உடம்பு அதை எதிர்க்கப் போய்த் தன் நரம்புகளையே தாக்கிவிடும் (பக்கவிளைவாக வரும் நரம்பு அழற்சி) என்று அங்கே விளக்கினார்கள்.

அந்தோணி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஒரு நாள் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "நான்தான் சுடச் சொன்னேன்" என்றார்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன்."

அவர் என் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்தார். தேய்ப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

நான்காவது வாரம் வலது பெருவிரல் அசைந்தது. இரண்டு மாதத்தில் சுவரைப் பிடித்து நடந்தேன். ஊருக்குத் திரும்பியதும் பாப்பாத்தி பார்க்க வந்தார். நான் செய்ததைச் சொன்னேன்.

"எங்க நாய மட்டும் அனுப்பிப் பார்த்தீங்களா டீச்சர்?"

"ஆமாங்க."

அவர் போய்விட்டார். ஆனால் மகளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை.

ஜிம்மிக்கு விசர் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நோய் தாமதித்தும் வரலாம், வந்தால் தண்ணீர் இறங்காது என்றார்கள். ஒரு வருடம் முடியும்வரை, தண்ணீர்க் கோப்பையை வாயில் வைக்கும்போதெல்லாம் தொண்டை இறுகுகிறதா என்று கவனித்தே விழுங்கினேன். தைப்பொங்கல், ஈஸ்டர், கிறிஸ்து பிறந்த நத்தார் எல்லாம் அந்த விழுங்கல்களுக்கு இடையில் கடந்து போயின.

இப்போது நடக்கிறேன், பாடம் நடத்துகிறேன். பாதம் எங்கே இருக்கிறது என்று உடம்பு தானாகச் சொல்வதில்லை. கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. காலை ஜெபத்தில் பிள்ளைகள் எல்லோரும் கண்களை மூடுகிறார்கள். நான் தரையைப் பார்த்தபடி நிற்கிறேன். மூடினால் விழுந்துவிடுவேன்.