சாக்கில் அடித்த பேர்

தன் பெயரை அச்சடிக்கச் சொன்ன பேரனுக்குக் கம்ப்யூட்டர் 'பெயர்' என்ற சொல்லையே அச்சடித்துக் கொடுத்தது. புரோகிராம் எழுதும்போது அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டானாம்; அப்படிப் போட்டால் உள்ளே இருப்பதை அப்படியே அடித்துவிடுமாம். எனக்கு அம்பதுகளில் போடியில் ஆத்தா ஏலக்காய் தரம் பிரித்துப் பொறுக்கிய கிட்டங்கி, அந்தச் சரக்குக் கிடங்கு, ஞாபகம் வந்தது. முறங்களின் சரசரப்பு, சாக்கில் பேரடிக்கும் மையின் நாற்றம்.

அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். முதலாளி பேரை வாயால் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைக்கிற பிறவி. சாக்கின் மேல் வைத்து மை பூசிப் பேரடிக்கும் தகரத்தில் எழுத்து வெட்ட வந்த புது ஆள், "என்ன பேருண்ணே?" என்று கேட்டான்.

"முதலாளி பேருதான்டா. வெரசா வெட்டு."

அவன் அப்படியே வெட்டினான். சந்தைக்குப் போகிற சாக்கிலெல்லாம் 'முதலாளி பேரு'.

"நீங்க சொன்னதத்தானண்ணே வெட்டுனேன்" என்றவனைக் கூலி கொடுக்காமல் துரத்தினார்கள். மறுநாள் முதலாளியே பேரைச் சொல்லி வேறு தகரம் வெட்டவைத்தார். கணக்குப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தகரத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.