நடக்காது என்று சொன்ன தேர்தல்

காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடியைத் திறந்ததிலிருந்து வெண்டி பின்ச்பெக்குக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். லூர்தெஸ் வரக்கூடாது.

முப்பத்திரண்டு வருடமாகத் தேர்தல் வேலை பார்க்கிறவள், ஒரு வாக்காளர் வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்தது இதுவே முதல் தடவை. அதுவும் எப்பேர்ப்பட்ட வாக்காளர்! நகர சபையோ மாவட்ட சபையோ, மழையோ பனியோ, இங்கிலாந்தின் இந்த ஆல்டர்பி ஊரில் தேர்தல் என்றால் தவறாமல் வந்து நிற்கிறவள். மூன்று வாரத்துக்கு முன்னால், மே இரண்டாம் தேதி உள்ளூர்த் தேர்தலுக்குக்கூட இதே மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில், இதே மேசைக்கு முன்னால் வந்து வாக்குச்சீட்டு வாங்கி ஓட்டுப் போட்டாள். இன்று அவள் வந்தால் சீட்டு கிடையாது. அதற்குக் காரணம் வெண்டி.

வெண்டிக்கு அறுபத்து மூன்று வயது. இருபத்தைந்து வருடம் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறியவள். தேர்தல் வேலை முதலில் ஒரு நாள் கூலிக்காக வந்தது. வருடம் போகப் போக அதுவே அவளுடைய பெருமையாகிவிட்டது. கொடுத்த சீட்டும் பெட்டியில் விழுந்த சீட்டும் அவள் சாவடியில் ஒருநாளும் பிசகியதில்லை. பத்து வருடத்துக்கு முன் தலைமை அலுவலர் ஆக்கினார்கள். அன்று முதல் ஊரில் யாருக்குத் தேர்தல் சந்தேகம் வந்தாலும் வெண்டியைத்தான் கேட்பார்கள். அஞ்சல் ஓட்டா, பெயர் விட்டுப்போச்சா, மாமனாருக்குப் பதிலாகப் போடலாமா, எல்லாவற்றுக்கும் வெண்டி. இந்த மரியாதைதான் வினையாக வந்து முடிந்தது.

லூர்தெஸ் போர்ச்சுகல்காரி. காய்கறிகளைப் பொட்டலம் கட்டும் ஆலைக்கு வேலைக்கென்று வந்து, பிறகு பள்ளிச் சமையலறையில் சேர்ந்தாள். இருபது வருடமாக இருவருக்கும் சிநேகிதம். மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் டீயோடு உட்காருவார்கள். வெண்டி ஓய்வு பெற்ற பிறகும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அந்தப் பெஞ்சுக்காகவே நடந்து போவாள். பேசுவது ஒன்றும் பெரிதாக இருக்காது. முட்டி வலி, பெண்ணின் கல்யாணம், ராயின் குறட்டை. ராய் வெண்டியின் கணவன்.

ஒன்றை மட்டும் அவர்கள் பேசியதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா போவதா என்று நாட்டைக் கேட்டார்களே, அன்று வெண்டி சீட்டில் எங்கே பெருக்கல் குறி போட்டாள் என்பதை. உள்ளூர்த் தேர்தல்களில் ஓட்டு இருந்த லூர்தெஸுக்கு, வெளிநாட்டுக்காரி என்பதால் அன்று ஓட்டு இல்லை. அவளைப் பற்றிய கேள்விதான், அவளைக் கேட்கவில்லை. நீ எதற்குப் போட்டாய் என்று இந்த ஊரில் ஒருவரை ஒருவர் கேட்பதும் கிடையாது. சம்பளத்தைக் கேட்டாலும் கேட்பார்கள், அதைக் கேட்க மாட்டார்கள்.

வெண்டி போவதற்குத்தான் போட்டாள். ராய் போட்டான், தெருவே போட்டது. டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது, வெளிநாட்டார் வந்து குவிந்ததால்தான் என்று ஊரே பேசியது. ஒரு தடவை போட்டுத் தொலைத்தால் தொலைக்காட்சியில் இந்தச் சண்டையாவது ஓயும் என்றும் நினைத்தாள். ஓய்ந்ததா? மூன்று வருடம் ஆயிற்று. பிரதமர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மூன்று தடவை தோற்கடித்தது. அப்படியானால் வேறு என்ன வேண்டும் என்று எட்டு வழிகளை வைத்து ஓட்டெடுத்தார்கள், எட்டுக்கும் வேண்டாம் என்றார்கள். மார்ச் கடைசியில் கிளம்புவதாக இருந்தது ஏப்ரலுக்குப் போய், அங்கிருந்து அக்டோபருக்குப் போனது. கிளம்புகிற நாளில் திறப்பதற்காக ராய் வாங்கி வைத்திருந்த புட்டியை ஏப்ரலில் ஒருநாள் சும்மா குடித்துவிட்டான். சாமான் தட்டுப்பாடு வரும் என்று பயந்து வெண்டி அடுக்கி வைத்த தக்காளி டப்பாக்களை இன்னும் தின்று தீர்க்க முடியவில்லை.

எட்டு ஓட்டெடுப்பையும் பார்த்த அன்று வெண்டிக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "அறுநூத்தம்பது பேர் இருக்காங்க, அழகா எண்ணுறாங்க. எதுக்கு எண்ணுறோம்னு மட்டும் ஒருத்தனுக்கும் தெரியல!" என்று தொலைக்காட்சியை நிறுத்தினாள். அதற்குப் பிறகு கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

அந்த அலுப்பில்தான் ஏப்ரல் கடைசியில் அது நடந்தது. லூர்தெஸ் பெஞ்சுக்கு ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலாம். வெளிநாட்டுக்காரங்க இதையும் தனியா நிரப்பி அனுப்பணுமாம். என் பேருதான் ஏற்கெனவே பட்டியல்ல இருக்கே வெண்டி, இது எதுக்கு?"

வெண்டி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "போடி, இந்தத் தேர்தலே நடக்காது. விட்டுப் போகப்போற இடத்துக்கு யாராவது ஆள் அனுப்புவாங்களா? கடைசி நிமிஷத்துல ரத்து பண்ணிடுவாங்க பாரு. குப்பையில போடு."

"நிஜமாவா?"

"நான் சொல்றேன்ல."

லூர்தெஸ் அதை நான்காக மடித்து, உருளைக்கிழங்குத் தோல் கிடந்த வாளியில் போட்டாள். மே ஏழாம் தேதி அரசாங்கம் தேர்தல் நடந்தே தீரும் என்றது. படிவம் கொடுக்கவும் அன்றே கடைசி நாள்.

வெண்டிக்கு அது உறைத்தது போன திங்கட்கிழமை, அலுவலர்களுக்கு வகுப்பு எடுத்தபோதுதான். படிவம் கொடுக்காத வெளிநாட்டார் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கும், அவர்களுக்குச் சீட்டு தரக்கூடாது, பணிவாகச் சொல்லி அனுப்ப வேண்டும் என்றார்கள். லூர்தெஸிடம் முன்கூட்டியே சொல்லிவிட, தேர்தலுக்கு முன் செவ்வாய், புதன் இரண்டு நாள் கையில் இருந்தன. ஒருநாள் மழை என்று போகவில்லை. மறுநாள் பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, சொல்லாமல் எழுந்து வந்தாள். எல்லாரையும் போல அவளுக்கும் அலுத்திருக்கும், வரமாட்டாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைத்தால் அது கோழைத்தனம் இல்லை என்று ஆகிவிடுமா?

நாள் முழுக்க வந்தவர்கள் முகத்தில் உற்சாகம் இல்லை. நாய்களை வாசல் கம்பியில் கட்டிவிட்டு, கட்டாயத்துக்கு வந்ததுபோல் உள்ளே வந்தார்கள். கட்சிப் பெயர்கள் கீழே கீழே போய்க்கொண்டிருந்த நீளச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"வேலைய விட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்தவன், புது நாற்காலி வேணும்னு கேட்ட மாதிரி இருக்கு" என்றார் கறிக்கடைக்காரர்.

"பேரும் முகவரியும் சொல்லுங்க" என்றாள் வெண்டி. சாவடிக்குள் அவள் அரசியலுக்குச் சிரிப்பதில்லை.

பக்கத்தில் எழுத்தராக உட்கார்ந்திருந்தவர் கிளைவ், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டியலில் அடிக்கோலை வைத்துப் பெயர் தேடுவார். மூன்று மணிக்கு, "கூட்டமே இல்ல. இன்னைக்கு ஒரு வம்பும் வராது" என்றார். வெண்டியும் நம்பத் தொடங்கினாள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லூர்தெஸ் வந்தாள்.

வீட்டுக்குப் போய் உடை மாற்றியிருந்தாள். நீலக் கோட்டு, காதில் தங்கத் தோடு. ஓட்டுப் போட வரும்போதெல்லாம் அவள் அப்படித்தான். அவளுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது போர்ச்சுகலில் சர்வாதிகாரம் போய் முதல் தேர்தல் வந்தது. அவள் அம்மா நல்ல உடை உடுத்தி நாலு மணி நேரம் வரிசையில் நின்றாள். அன்று கூட நின்ற மகள் அந்த வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. வெண்டிக்கு அந்தக் கதை தெரியும். தோட்டைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சீட்டுக்கட்டு மேசையில் நழுவியது.

கிளைவ் அடிக்கோலை நகர்த்தி நிறுத்தினார். "மன்னிக்கணும்மா. உங்க பேருக்குப் பக்கத்துல ஒரு எழுத்து இருக்கு. இந்தத் தேர்தலுக்கு உங்களுக்குச் சீட்டு தர முடியாது. ஒரு படிவம் அனுப்பியிருப்பாங்களே, வரலையா?"

லூர்தெஸுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். அவள் கிளைவைப் பார்க்கவில்லை, வெண்டியைப் பார்த்தாள். வெண்டியின் முகத்தைப் படிக்க அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

"வந்துச்சு சார்" என்றாள். "எங்கயோ வச்சுத் தொலைச்சுட்டேன்."

"விடும்மா, நீ ஒண்ணும் பெருசா இழந்துடல. நானே எதுக்கு வந்தேன்னு தெரியல" என்று வரிசையில் நின்ற கிழவர் ஆறுதல் சொன்னார்.

கிளைவ் வருத்தமாகத் தலையாட்டினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். லூர்தெஸ் முடித்துக் கொடுத்துவிட்டாள். வெண்டி செய்ய வேண்டியதெல்லாம் அடுத்தவரைக் கூப்பிடுவதுதான். அவள் கிளைவ் பக்கம் திரும்பினாள்.

"அவ தொலைக்கல, கிளைவ்" என்றாள். "எங்கிட்ட கேட்டா. நான்தான் குப்பையில போடச் சொன்னேன். திங்கக்கிழமையே தெரிஞ்சும் அவகிட்ட சொல்லல."

கூடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிழவர் அறிவிப்புப் பலகையில் குழந்தைகள் விளையாட்டுக் குழுவின் நேரத்தைப் படித்தார். கிளைவ் பென்சில்களை ஒழுங்காக அடுக்கினார்.

"சரி" என்றாள் லூர்தெஸ். திரும்பி நடந்தாள்.

வெண்டி எழுந்து பின்னாலேயே போனாள். வாசல் வரைக்கும்தான் போக முடியும். தலைமை அலுவலர் இரவு பத்து வரை சாவடியை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது. நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"லூர்தெஸ், நில்லு. நான் இன்னும் போடல. யாருக்குப் போடணும்னு சொல்லு, என் ஓட்ட உனக்காகப் போடறேன். சத்தியமா."

லூர்தெஸ் படியில் நின்றாள். "எனக்கு உன் ஓட்டு எதுக்கு? என்னுதப் போடத்தான் வந்தேன்."

"தப்பு என்னோடது. எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுப் பேசிட்டேன்."

"படிவத்த விடு. அது தெரியாம சொன்னது." அவள் கோட்டின் பொத்தான் ஒன்றைப் போட்டாள். "மூணு வருஷத்துக்கு முன்னால, ஓட்டு எண்ணி முடிச்ச அன்னைக்கு, எலுமிச்சை கேக் செஞ்சு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்த. இத்தனை வருஷத்துல நீ எனக்கு கேக் செஞ்சதே இல்ல. அத வாங்கும்போதே தெரியும், நீ எங்க போட்டேன்னு."

வெண்டிக்கு முகம் சுட்டது. "உன்ன நினைச்சுப் போடல லூர்தெஸ். நீ வேற, அவங்க..."

"நான் வேற, அவங்க வேற. தெரியுமே. இந்த ஊர்ல எல்லாரும் எங்கிட்ட அப்படித்தான் சொல்றாங்க. அந்த அவங்க யாருன்னுதான் நானும் தேடுறேன்."

அவள் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் வெண்டிக்கு வசதியாக இருந்திருக்கும்.

"தினமும் காலைல எழுந்ததும் உன்ன மன்னிச்சுடுவேன், வெண்டி. பல்லு தேய்க்கிற மாதிரி. அப்புறம்தான் வேலைக்குக் கிளம்புவேன், உன் பக்கத்துல உக்காந்து டீ குடிப்பேன். மூணு வருஷமா ஒருநாள் விட்டதில்ல. இன்னைக்கு மட்டும் முடியல. அலுப்பா இருக்கு."

"நாளைக்கு வரட்டுமா?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு லூர்தெஸ் படியிறங்கினாள்.

பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தலாம். பத்து அடிதான். வெண்டி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீலக் கோட்டு தபால் பெட்டியைத் தாண்டி, சந்தைத் தெருப் பக்கம் திரும்பி மறைந்தது.

"வெண்டி, ஆள் நிக்கிறாங்க" என்று கிளைவ் மெதுவாகக் கூப்பிட்டார்.

அவள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மூடுவதற்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. எதிரில் நின்ற பெண்ணிடம் பெயரும் முகவரியும் கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். வெண்டி இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.