வெறுங்கையோடு போகும் வீடு

நடந்தவற்றை முதலில் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

1. எங்கள் சபையில் உள்ள ஓர் அன்ரிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன.
2. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், தவறவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் சொன்னார்.
3. சபை அவரைப் பொறுப்பெடுத்தது. போய்வர ஆட்டோ, பக்கத்தில் இருக்க முறைவைத்து ஓர் ஆள், மதியச் சாப்பாடு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டில் சந்திப்பு.
4. சந்திக்க வந்தவர்கள் பழமும் செவ்விளநீரும் கொண்டுவந்தார்கள். அவர் மறுக்கவில்லை.
5. ஒரு திங்கட்கிழமை அவருடைய இதயம் நிற்கப் பார்த்தது.
6. இனி எதுவும் கொண்டுபோக வேண்டாம் என்று சபையில் அறிவித்தோம்.
7. கொண்டுபோவது நின்றது. போவதும் நின்றது.

ஏழாவது நடக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்ரி கலியாணம் முடிக்காதவர். சுனாமியில் கூடப் பிறந்தவர்களைக் கடல் கொண்டுபோன பிறகு, சபை பாண்டிருப்புப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக் கொடுத்தது. முன்னறை, படுக்கையறை, குசினி. எங்கள் சபையில் இன்று சமைக்கவும் பாடவும் சண்டை பிடிக்கவும் தெரிந்த பெண்களில் பாதிப்பேர் ஞாயிறு பாடசாலையில் அவரிடம் படித்தவர்கள். நானும் படித்தேன். அவருக்கு வேறு சொந்தம் என்று யாரும் இல்லை. நாங்கள்தான்.

ஞாயிறு சந்திப்பு ஒரு சின்னக் கலியாண வீடு போல இருக்கும். ஆராதனை முடிந்து நேரே சந்தைக்குப் போவார்கள். நாங்கள் நானா என்று கூப்பிடும் பழக்கடை முஸ்லிம் அண்ணனுக்கு எங்கள் ஆராதனை எத்தனை மணிக்கு முடியும் என்பது மனப்பாடம். நல்ல தோடம்பழத்தைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். பிறகு எல்லோரும் அன்ரியின் முன்னறையில். கதிரை போதாமல் இளையவர்கள் நிலத்தில் இருப்பார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அதன் பிறகு ஊர்க்கதை.

மாதர் சங்கத் தலைவிதான் எப்போதும் செவ்விளநீர் வெட்டுவார்.

"குடிங்க அன்ரி. கிட்னி வருத்தத்துக்கு இதைப் போல ஒரு மருந்து இல்ல. உடம்புச் சூடெல்லாம் இறங்கிரும்."

"வெட்டுறதெண்டா கத்தியக் கழுவிட்டு வெட்டு புள்ள. போன கிழமை குடிச்சதில வெங்காயம் மணத்திச்சு."

"அது வெங்காயமில்ல அன்ரி, உங்கட மூக்கு."

"என்ட மூக்கு நல்லாத்தான் வேலை செய்யுது. மற்றதுதான் செய்யல்ல."

எல்லோரும் சிரிப்பார்கள். அன்ரி குடித்து முடித்து, இளநீர்க் கோம்பையைக் கவிழ்த்து, ஒரு துளியும் மிச்சமில்லை என்று காட்டுவார். சின்ன வயதில் எங்களைப் பால் குடிக்க வைத்துவிட்டு அப்படித்தான் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளர். ஞாயிறுகளில் பெரும்பாலும் வேலை என்பதால் சந்திப்புக்கு எப்போதாவதுதான் போவேன். போன நாட்களில் பழம் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "ஒரு சுளைதானே" என்பார்கள். ஒவ்வொருவரும் கொடுத்தது உண்மையில் ஒரு சுளைதான்.

அந்தத் திங்கட்கிழமை அன்ரியால் கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை. காலில் பலமில்லை என்று ஆட்டோக்கார நானாவுக்குப் போன் எடுத்திருக்கிறார். சாய்ந்தமருதில் இருந்து வருகிறவர். கிழமையில் இரண்டு நாள் அன்ரியை ஏற்றி இறக்கியவர். அவரும் அவருடைய மனைவியும் அன்ரியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

இரத்த மாதிரி என் மேசைக்கு வந்தது. பொட்டாசியத்தின் அளவு, உயிரோடிருக்கும் மனிதரில் இருக்கக் கூடாத அளவு. ஊசியில் இழுக்கும்போது இரத்தக் கலங்கள் உடைந்தாலும் இப்படிப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரத்தத்துக்கு மேலே தெளிந்த நீரில் சிவப்பு ஏறியிருக்கவில்லை, கலங்கள் உடையவில்லை. சோதனையைத் திரும்ப ஓட்டினேன். அதே அளவு. நோயாளர் விடுதிக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, அடுத்த குழாயை எடுத்தேன். வரிசையில் வேறு ஆட்களும் இருந்தார்கள்.

அன்றைக்கே அவசரமாக இயந்திரத்தில் போட்டார்கள். பிழைத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கட்டிலருகே இருந்து கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்தானே அன்ரி?"

"தெரியும். நேர்ஸ் எத்தனை தரம் சொன்னவ."

"பிறகு ஏன் குடிச்சீங்க?"

"வெயிலுக்குள்ள சுமந்துகொண்டு வாறாள். நான் எழுத்துச் சொல்லிக் குடுத்த பிள்ளை. எனக்கு வேணாம், திரும்பக் கொண்டு போ எண்டு சொல்றதா? நீ சொல்லுவியா?"

"சொல்லுவன்."

"நீ சொல்லுவாய். உன்ட வீட்டுக்கு ஒருத்தரும் வரவும் மாட்டாங்க."

அதற்கும் சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

அன்ரியிடம் கேட்டுக்கொண்டு, போதகரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், "ஞாயிற்றுக்கிழமை நீங்களே சொல்லுங்க மகள். நான் சொன்னா அதையும் பிரசங்கம் எண்டு கேட்டுட்டுப் போயிருவாங்க" என்றார்.

ஆராதனை முடிவில் முன்னால் போய் நின்று சொன்னேன். நல்ல சிறுநீரகம் மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியே விட்டுவிடும். அன்ரியுடையது விடாது. அது இரத்தத்தில் தங்கி இதயத்தின் துடிப்பைக் குழப்பும். தோடம்பழம், வாழைப்பழம், செவ்விளநீர் எல்லாவற்றிலும் அது நிறைய. தண்ணீரே அவருக்கு அளந்துதான். ஆகவே ஒன்றும் கொண்டுபோக வேண்டாம்.

மாதர் சங்கத் தலைவி எழும்பினார். முகம் வெளிறியிருந்தது. "அப்ப நாங்கதான் அவவுக்கு நஞ்சு குடுத்த எண்டு சொல்றீங்களா?"

"இல்ல அக்கா. தெரியாமல் குடுத்தது."

"சரி, பழம் வேணாம். வேற என்னத்தைக் கொண்டு போற?"

"ஒண்டும் வேணாம். போய் இருந்து கதைச்சிட்டு வாங்க."

பின் வரிசை வாங்கில் இருந்து யாரோ சொன்னார்: "வெறுங்கையோட எப்பிடி வருத்தம் பார்க்கப் போற? வெறுங்கையோட போறது செத்த வீட்டுக்குத்தானே."

போதகர் ஆசீர்வாதம் கூறினார். எல்லோரும் கலைந்தோம்.

நான் சொன்னது சரி. நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வருத்தக்காரர் வீட்டுக்குள் நுழைய ஒரு வழிதான் தெரியும். கையில் ஒரு பை இருக்க வேண்டும். அதை மேசையில் வைத்த பிறகுதான் கதிரையில் இருக்க முடியும். என்ன சொல்வது என்று தெரியாத நேரத்தில் ஒரு பழத்தை உரிக்கலாம். அந்தப் பையை நான் அவர்கள் கையிலிருந்து வாங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக எதையும் கொடுக்கவில்லை. கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

முதல் ஞாயிறு சிலர் வந்தார்கள். யன்னலோரம் நின்று ஜெபித்துவிட்டு, பிறகு வாறோம் என்று போனார்கள். ஒருவர் சவர்க்காரம் கொண்டுவந்தார். இன்னொருவர் கட்டில் விரிப்பு. அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு நானும் போதகரும் அவருடைய மனைவியும் மட்டும்.

மதியச் சாப்பாடும் அப்படியே ஓய்ந்தது. உப்பு, பருப்பு, கீரை, எதைப் போட்டால் என்ன ஆகுமோ என்று சமைக்கப் பயம். எவ்வளவு போடலாம் என்று விளக்க வீடு வீடாகப் போனேன். தலையாட்டினார்கள். தலைவி கதவுவரை வந்து மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்குப் படிச்சது கிடக்கு தங்கச்சி. என்ட கையால இன்னொரு தரம் ஏதாவது நடந்தா நான் எப்பிடிச் சபையில ஆண்டவர்ட இராப்போசனம் எடுக்கிற?" அவருக்கு அன்ரிமேல் அன்பில்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

பிறகு துணைக்குப் போகிற முறையும் குலைந்தது. பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்குச் சுகமில்லை, வீட்டில் வேலைக்காரர் நிற்கிறார்கள். எல்லாமே உண்மையான காரணங்கள். அன்ரி தனியாகப் போய் நாலு மணித்தியாலம் மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தார். எனக்கு இடைவேளை கிடைத்தால் மேலே ஏறிப் போய்ப் பார்ப்பேன். மற்றக் கட்டில்களைச் சுற்றி உம்மாவும் ராத்தாவும் மருமகளும் என்று ஆட்கள் நிற்பார்கள். அன்ரியின் பக்கத்துக் கதிரையை யாராவது கேட்டு எடுத்துப் போயிருப்பார்கள்.

"இண்டைக்கு ஆரும் வரல்லையா அன்ரி?"

"எல்லாரும் எனக்காக ஜெபிக்கிறாங்க. போதகர் ஐயா சொன்னவர்."

அந்தக் குரலில் குத்தல் இருந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. துணைக்குப் போகலாம் என்று காலையிலேயே அன்ரி வீட்டுக்குப் போனேன். ஆட்டோ ஏற்கெனவே நின்றது. ஜும்மாத் தொழுகைக்கு முதல் அன்ரியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும் என்பதால் வெள்ளியில் நானா நேரத்தோடு வந்துவிடுவார்.

"டீச்சர், ஏறுங்க, மீட்டர் ஓடுது" என்று வழமைபோலக் கூப்பிட்டார்.

"உன்ட ஆட்டோவில மீட்டர் எங்க கிடக்கு?" என்று அன்ரி உள்ளேயிருந்து கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

நானா என்னைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமையும் இப்பிடித்தான் தங்கச்சி. ஹோன் அடிச்சிட்டு நிண்டுட்டுப் போனன். நீங்க போய்க் கதைச்சுப் பாருங்க."

அன்ரி உடுத்தி, தலை வாரி, முன்னறைக் கதிரையில் இருந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. மேசை துடைத்து வெறுமையாக இருந்தது.

"எழும்புங்க அன்ரி. நான் கூட வாறன்."

"இண்டைக்கு வேணாம் மகள்."

"செவ்வாயும் போகல்ல. என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நீ எல்லாருக்கும் நல்லா விளங்கத்தானே சொன்னாய்." சற்று நேரம் வாசலைப் பார்த்தார். "முந்தி அங்க போறது ஞாயிற்றுக்கிழமைக்காக. இப்ப எந்த நாளுக்காகப் போற?"

செருப்பை எடுத்துவந்து அவருடைய காலடியில் வைத்தேன். வீக்கத்தில் அது கொள்ளவில்லை. வாசலுக்கு வந்த நானா தன்னுடைய செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்து வந்து ஏறினார்.

இப்போதைய நிலை இது. அன்ரி உயிரோடு இருக்கிறார். நான் போய்க் கூப்பிடக்கூடிய நாட்களில் சுத்திகரிப்புக்குப் போகிறார். மற்ற நாட்களில் போவதில்லை. என் வேலைமுறைப்படி அது கிழமையில் ஒரு நாள், சில கிழமைகளில் அதுவும் இல்லை. வைத்தியர் இப்படியே நீண்ட காலம் ஓடாது என்று சொல்லிவிட்டார். ஆட்டோவைச் சபை நிறுத்தவில்லை. ஞாயிறு ஆராதனையில் சுகவீனர்களுக்கான ஜெபத்தில் அவருடைய பெயர்தான் முதலில் வருகிறது. அவருடைய வீட்டுக்குச் சபையில் என்னைத் தவிர யாரும் போவதில்லை.