வறட்டோடைப் பள்ளத்தில் ஏழு வீடுகள்

கால்டரில் அறுநூற்றுப் பதினோரு பேர் இருந்தார்கள். அதுதான் மாவட்டத் தலைநகரம். நெப்ராஸ்காவின் மேற்கே அந்த மாவட்டத்தில் ஊர் என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. ஒரு புல்மேடு இறங்கினால் இன்னொரு புல்மேடு, நடுவில் காற்றாடி இறைக்கும் கிணறு, அதைச் சுற்றி மாடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நாலு மைல் இருக்கும், சில இடத்தில் ஒன்பது.

நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகளுக்கு நம்பர் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவள் ஆர்டித் நோவாட்னி. மாவட்டத்தின் எல்லா வண்டி நம்பரும் அவளுக்கு மனப்பாடம். யாருடைய வண்டி யார் வீட்டு வாசலில் நின்றது என்பதும் தெரியும். அதை மட்டும் வெளியே சொல்ல மாட்டாள்.

1994 வசந்தத்தில் அவசர உதவித் தொலைபேசி வந்தது. ஆம்புலன்ஸ் வரவேண்டுமானால் ஒவ்வொரு வீட்டுக்கும் தெருப்பெயரும் எண்ணும் வேண்டும் என்றது மாநில அரசு. அதுவரை அங்கே யாருக்கும் விலாசம் கிடையாது. வழி கேட்டால், கூச்செராவின் கொட்டகை எரிந்துபோன இடத்தில் வடக்கே திரும்பு என்பார்கள். கொட்டகை எரிந்தது 1951-இல்.

மாவட்டக் குழுவில் மூன்று பேர். இந்த வேலையை யார் செய்வது என்ற பேச்சு வந்ததும் மூவரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து வாங்க வந்திருந்த ஆர்டித் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நானே பண்றேன். ஆனா விதிமுறைய நான்தான் எழுதுவேன்."

தலையில் விழுந்த பாரம் இறங்கிற்று என்று அவள் எழுதிவந்த இரண்டு பக்கத்தைப் படிக்காமலே மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் கோடை முழுவதும் அவள் தன் பழைய பிக்கப் வண்டியில் மண்ரோடுகளை அளந்தாள். மைல் கணக்குப் பார்த்து வீட்டுக்கு வீடு எண் கொடுத்தாள். ஆம்புலன்ஸ்காரர்களுக்கு உதவட்டும் என்று எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், யாருக்கு இருதயக் கோளாறு, எந்த நாய் கடிக்கும் என்றும் குறித்துக்கொண்டாள். போன வீட்டில் எல்லாம் காப்பி. மறுத்தால் அவர்கள் மனசு நோகும், குடித்தால் இவள் வயிறு நோகும். காற்றாடிக் கிணறு பழுதுபார்க்கிற அவள் புருஷன் டெல்மர் மூன்று மாதம் தானே முட்டை பொரித்துச் சாப்பிட்டான்.

ஆகஸ்டு மாதம் குழுத்தலைவர் ராய்ஸ் ஹாட்லி அவள் ஜன்னலுக்கு வந்து நின்றார். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு படித்தவர். இப்போது பதினோராயிரம் ஏக்கருக்குச் சொந்தக்காரர். தன் பண்ணைக்குப் போகிற ரோட்டுக்கு ஹாட்லி ரோடு என்று பெயர் வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்றார். உயிரோடிருக்கிறவர் பெயரை எந்த ரோட்டுக்கும் வைக்கக்கூடாது என்பது விதி என்றாள் அவள். எந்த முட்டாள் எழுதின விதி என்று அவர் கேட்டார்.

"எழுதினது நான். கையெழுத்துப் போட்டது நீ. பேரு வேணும்னா முதல்ல நீ செத்தாகணும் ராய்ஸ். அவசரமில்ல, மெதுவா யோசிச்சுச் சொல்லு."

வரிசையில் நின்றவர்கள் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு சிரித்தார்கள். ராய்ஸ் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த ரோட்டுக்கு நரிமேட்டு ரோடு என்று பெயர் வந்தது.

செப்டம்பரில் அவள் கணக்கு முடிந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி மாவட்டத்தில் ஆயிரத்து நூற்று இருபத்திரண்டு பேர். அவள் எண்ணியதில் முப்பத்தொன்பது பேர் கூடுதல். பட்டியலை மாநிலத் தலைநகர் லிங்கனில் வரைபடம் போடுகிற கம்பெனிக்கு அனுப்பினாள். திரும்பி வந்த வரைபடத்தில் வறட்டோடைப் பள்ளத்தையே காணோம். அங்கே ஏழு வீடு, பத்தொன்பது பேர். தொலைபேசியில் கேட்டபோது, கம்பெனியின் வென்டல் கிரைஸ் என்பவர், விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அங்கே ரோடும் இல்லை, வீடும் இல்லை, அம்மணி எங்கோ தப்பாக எண்ணிவிட்டீர்கள் என்று பணிவாகச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. நேரில் வந்து பாருங்கள், மத்தியானச் சாப்பாடு என் செலவு என்றாள்.

அக்டோபரில் கிரைஸ் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தரையை ஒட்டிய கம்பெனிக் கார். பிக்கப்பில் ஏறிக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னதற்கு, ரோடு என்று ஒன்று இருந்தால் தன் காரே போகும் என்றார். அவள் பிக்கப்பை முன்னே ஓட்டினாள். பள்ளத்தில் இறங்குகிற இடத்தில் காரின் பின்சக்கரம் இரண்டும் மணலில் அச்சுவரை புதைந்தன. கிரைஸ் முடுக்க முடுக்க கார் கீழேதான் போயிற்று. அவள் பிக்கப்பில் கயிறும் இருந்தது, சங்கிலியும் இருந்தது. அவள் இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கால்மணி நேரத்தில் மேட்டுக்கு அப்பாலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. முதல் வீட்டுக்காரர் ஆர்வல் ப்ரூயிட், எழுபது வயசு. எனக்கு எண்ணே வேண்டாம், செத்தால் செத்துவிட்டுப் போகிறேன் என்று கோடையில் ஆர்டித்தை இரண்டு தடவை விரட்டியவர். சங்கிலி மாட்டும்போதே அவள் விஷயத்தை அவர் காதில் போட்டாள். காரை இழுத்து மேட்டில் விட்டதும் கிரைஸ் பணப்பையை எடுத்தார். ஆர்வல் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காசெல்லாம் வேணாம் தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. ஆளே இல்லாத எடத்துல உங்கள யாரு இழுத்து வெளிய போட்டாங்க?"

கிரைஸ் சிவந்த முகத்தோடு சிரித்துவிட்டார். ஏழு வீட்டுக்கும் பிக்கப்பிலேயே போனார். ஏழு இடத்திலும் காப்பி குடித்தார். ஆறாவது வீட்டில் திருமதி ஜெலென்கா பழம் வைத்துச் சுட்ட கொலாச் ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொடுத்தாள். கிரைஸ் ஏழு வீட்டையும் தன் கையாலேயே வரைபடத்தில் ஏற்றினார். ஆர்வல் எண் பலகையைத் தானே வாங்கி வாசலில் அடித்தார். இத்தனை தூரம் வந்த மனுஷனுக்காகத்தான், உனக்காக இல்லை என்று ஆர்டித்திடம் சொல்லிக்கொண்டார்.

மறு மார்ச்சில் ஒரு முற்பகல், பனி உருகி வழுக்கியதில் திருமதி ஜெலென்கா கொட்டகைப் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் ஓட்டியவன் அந்த மாதம்தான் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவன். யாரிடமும் வழி கேட்காமல் நேரே போய் அவளைத் தூக்கிவந்தான். கிழவி பிழைத்து, ஜூனில் கோழிகளுக்குப் பின்னால் ஓடினாள்.

அவளைத் தூக்கிவந்த மறுநாள் அந்த ஓட்டுநர் தன் வண்டிக்கு நம்பர் மாற்ற ஜன்னலுக்கு வந்தபோது, போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று ஆர்டித் கேட்டாள். முப்பத்தெட்டு என்று பெருமையாகச் சொன்னான். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நரிமேட்டு ரோட்டுல போயிருப்ப. அடுத்த தடவ பாலம் வழியா போ. ஆறு நிமிஷம் மிச்சம்."

நம்பர் பலகையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்து நின்றவரைக் கூப்பிட்டாள்.