ஃபாரின் பெட்டியில் வியர்த்த முகம்

சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டி வாடகைக்கு விடுவது என் தொழில். கடை திருநெல்வேலி டவுனில். அப்போது என்னிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கோயம்புத்தூரில் செய்தது, இன்னொன்று வெளிநாட்டுச் சரக்கு. வருகிறவர்கள் எல்லாரும் வெளிநாட்டுப் பெட்டியைத்தான் கேட்பார்கள். உள்ளூர்ப் பெட்டியின் கண்ணாடியில் பனி படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பெட்டிக்கோ இரட்டைக் கண்ணாடி, முகம் பளிச்சென்று தெரியும். மனுஷன் வாழ்நாளெல்லாம் ரேஷன் அரிசி சாப்பிட்டிருப்பார், போகும்போது மட்டும் ஃபாரின் வேண்டும். எனக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

முக்கூடல் பக்கம் ஆற்றோரக் கிராமத்தில் ஒரு விவசாயி இறந்துபோனார். மகன் துபாயில் இருந்தான். அவன் வந்து முகம் பார்க்கும்வரை உடம்பு கெடக்கூடாது. அவனே போனில் பேசினான்.

"உள்ளூர்ப் பெட்டி வேண்டாம் அண்ணாச்சி. எங்க அப்பாவுக்கு வாட்சுலேருந்து போர்வை வரைக்கும் ஃபாரின்தான் அனுப்பிருக்கேன். இதுவும் அப்படியே இருக்கட்டும்."

சரி என்றேன். ஒன்று பழுதானால் உதவும் என்று இரண்டையும் வண்டியில் ஏற்றிப் போவது என் வழக்கம்.

காலையில் வெளிநாட்டுப் பெட்டியை இறக்கி ஓடவிட்டேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, ஃபாரின் ஃபாரின்தான் என்றார்கள். மத்தியானம் பந்தலில் சாய்ந்திருந்தேன். இறந்தவரின் மகள் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, எங்க அப்பாவுக்கு வேக்குது."

போய்ப் பார்த்தேன். நெற்றியில் முத்து முத்தாக நீர். மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு, நான் பார்க்கப் பார்க்க உதட்டில் விழுந்தது. ஒப்பாரி நின்றுவிட்டது. எத்தனையோ பிணம் பார்த்த நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது. பக்க மூடியைத் திறந்து கையை விட்டேன். யாரோ மூச்சு விடுகிற மாதிரி வெதுவெதுப்பான காற்று மணிக்கட்டில் பட்டது.

இறந்தவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உசுரு இருக்கு. வெளிய எடுங்க அண்ணாச்சி."

ஊர் நர்ஸை வரவழைத்து நாடி பார்க்கச் சொன்னேன். அவர் இல்லையென்று தலையசைத்தார். பிறகுதான் பிளக்கில் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தேன். வயலில் பம்புசெட்டுகள் ஓடுகிற நேரம், வோல்டேஜ் படுத்துக் கிடந்தது. அதைத் தாங்காமல் வெளிநாட்டு மெஷின் குளிரூட்டுகிற கம்ப்ரசரை நிறுத்திவிட்டது, விசிறி மட்டும் ஓடியது. குளிர்ந்த முகத்தில் ஈரக்காற்று பட்டு நீராகியிருந்தது. எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். அந்த அம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை.

உடம்பைக் கோயம்புத்தூர் பெட்டிக்கு மாற்றினோம். அது நம்மூர் கரண்டுக்குப் பழகியது, உறுமிக்கொண்டு ஓடியது. சற்று நேரத்தில் பனி படிந்து முகம் மறைந்தது. அந்த அம்மா அதைத் துடைக்கவில்லை, யாரையும் துடைக்க விடவுமில்லை.

மறுநாள் காலை மகன் வந்தான். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். முகம் கெடவில்லை. அழுது ஓய்ந்து, பெட்டி ஏன் மாறியது என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னார்.

"ஒங்க அப்பா நேத்து முழிக்கப் பாத்தாவ, லே. இவருதான் ஒன் பெட்டியிலேருந்து எடுத்து, குளிருல போட்டு மூடிட்டாரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் வோல்டேஜைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினான். நம்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். பெட்டி எந்த நாட்டுச் சரக்கு என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கேட்கட்டும். நீங்கள் இறக்குமுன் அந்த வீட்டு வோல்டேஜைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு தரம் சாவு வந்தால் போதும்.