மூச்சு விடாத செல்கள்

பத்தாவதில் கணக்கில் தவறியவள், மறுதேர்வு எழுதித் தேறினாள். சோதனைக்கூடத்துக்குக் குடுவை கழுவப் போனவள், ஆறு வருடத்தில் நுண்ணோக்கி மேசைக்கு வந்தாள். பட்டம் படித்த இரண்டு பேரைத் தாண்டி, செல்லின் மூச்சை அளக்கும் கருவி அவள் கைக்கு வந்தது. கூடவே தலைவலியும் வந்தது.

கருவி சின்னதுதான். விரல் கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். செல் கரைசலை ஊற்றிப் பிளாஸ்டிக் மூடியை அழுத்தினால், செல்கள் ஆக்சிஜனைக் குடிக்கக் குடிக்கத் திரையில் கோடு இறங்கும். கடைசியில் ஒரு சொட்டு நஞ்சு விட்டால் மூச்சு நின்று, கோடு இறங்காமல் நேராகப் படுத்துவிடும். அவளுக்கோ நஞ்சு விடும் முன்பே கோடு படுத்துக் கிடந்தது. மூன்று வாரமாக இதே கதை.

செல்லெல்லாம் செத்துவிட்டதோ என்று நீலச் சாயம் விட்டு எண்ணினாள். செத்தது நீலமாகும். நூற்றுக்கு நாலுதான் நீலம்.

"உன் கைராசி அப்படிம்மா," என்றார் சோதனைக்கூடத் தலைவர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. சரிவரலேன்னா பழையபடி குடுவைக்கே போயிடு."

வீட்டில் அண்ணன் கேலி செய்தான். "உயிர் இருக்கு, மூச்சு இல்லியா? எங்க மேனேஜர் மாதிரின்னு சொல்லு!"

"சும்மா இருண்ணா."

புதன்கிழமை மூடியில் விரிசல் விழ, புதியது மாட்டினாள். கோடு சரசரவென்று இறங்கியது. மகிழ்ந்து முடிப்பதற்குள் அடுத்த அளவில் மறுபடி படுத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்தோம்? நஞ்சு விட்டோம், முறைப்படி மூன்று தடவை தண்ணீரில் கழுவினோம். நஞ்சுப் புட்டியை எடுத்துச் சீட்டைப் படித்தாள்: ஆல்கஹாலில் கரைத்தது. தண்ணீரில் கரையாத நஞ்சு தண்ணீருக்கா போகும்? மூடியிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்து வந்த செல்லின் கழுத்தை நெரித்திருக்கிறது. கழுவியே வயிறு வளர்த்தவளுக்கு இது தோன்ற மூன்று வாரமா என்று தலையில் குட்டிக்கொண்டாள்.

ஆல்கஹாலில் ஆறு தடவை, தண்ணீரில் ஆறு தடவை கழுவினாள். மறுநாள் ஐந்து அளவு எடுத்தாள். ஐந்திலும் கோடு இறங்கியது.

"இத முதல்லயே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?" என்றார் தலைவர்.

"கழுவுற முறைய எழுதி ஒட்டினது நீங்கதான் சார்."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். 'அளந்தவர்' கட்டத்தில் அதுவரை யார் அளந்தாலும் அவர் கையெழுத்துதான்.

"போடு."

அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2019 நவம்பர் 21, வியாழக்கிழமை.