தாய்மாமனுக்கு வைத்த பிரஷ்

என் அக்காவின் கல்யாணப் பத்திரிகை இன்னும் என்னிடம் இருக்கிறது. 1986, தை மாதம், திருச்சுழி. முகூர்த்தம் காலை ஆறுக்கு மேல் ஏழரைக்குள். பின்பக்கம் பென்சிலில் என் கையெழுத்து: “பேஸ்ட், பிரஷ், சோப்பு, சீப்பு. அருப்புக்கோட்டையில் வாங்க வேண்டும்.” கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் பல் விளக்கிக் குளிக்க வேண்டியதையெல்லாம் தட்டில் வைத்துக் கொடுப்பது பெண் வீட்டாரின் கடமை.

எங்கள் வீட்டில் அதுவரை பல்பொடிதான். ஆட்காட்டி விரல்தான் பிரஷ். பேஸ்ட் கேட்டவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், நரிக்குடியில் கடை வைத்திருந்தவர். நிச்சயதார்த்தத்தில் சந்தனம் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு முதலில் போய், தமக்கு இரண்டாவதாக வந்தது என்று காபி ஆறும்வரை கோபித்துக்கொண்டிருந்துவிட்டு, சமாதானமானதும் சொன்னார்: “கல்யாணத்தன்னைக்கு எங்க ஆளுகளுக்கு உமிக்கரியக் குடுத்துறாதீக. எங்களுக்கு டவுனுப் பழக்கம்.”

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பயம். தாலி கட்டும் நேரத்தில் இவர் ஒரு குறையைச் சொல்லி எழுந்து போய்விட்டால், அக்காவின் கதி என்ன?

முகூர்த்த நாளன்று வெந்நீர் வாளியோடு அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். கொல்லையில் தாய்மாமன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். பிரஷ்ஷை முழுக் கையாலும் பிடித்து, இடமும் வலமுமாக, புளி போட்டுப் பாத்திரம் தேய்ப்பதைப் போலத் தேய்த்தார். துப்பிய நுரை சிவப்பாக இருந்தது.

பக்கத்தில் நின்ற அந்தச் சித்தப்பா கேட்டார், “ஏலே, அது பல்லா, பித்தளைக் குடமா?”

“அழுத்தித் தேச்சாத்தான் ஊத்தை போகும். ஒனக்கென்ன தெரியும்,” என்றார் தாய்மாமன். இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

மண்டபத்தில் சந்தனம் மறுபடியும் சித்தப்பாவுக்கே முதலில் போனது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தாய்மாமன் வாயைத் திறந்தார், மூடினார், துண்டால் பொத்திக்கொண்டு தலையசைத்தார். அப்பாவுக்கு மூச்சு வந்தது. அடுத்து வெற்றிலைத் தாம்பாளம் நீட்டப்பட்டது. அதை அவர் கையால் தள்ளிவிட்டார்.

தாம்பூலத்தைத் தள்ளினால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே அர்த்தம்தான்: சம்பந்தம் வேண்டாம். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

“கோவமெல்லாம் இல்ல,” என்றார் சித்தப்பா. “காலையில பல்லோட மல்லுக்கட்டுனாக. ஈறெல்லாம் புண்ணு. சுண்ணாம்பு பட்டா எரியுமில்ல.”

மணப்பெண் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அக்கா பதறவில்லை. “வெந்நியில உப்புப் போட்டுக் கொண்டுபோய்க் குடு. கொப்புளிக்கட்டும். வெத்தல வேணாம், பாக்கைத் தொட்டா போதும்னு நான் சொன்னதாச் சொல்லு.”

அவர் கொப்புளித்தார். பாக்கைத் தொட்டுக் கும்பிட்டார். “பொண்ணு விவரமான பொண்ணு,” என்றார், உதட்டை அதிகம் அசைக்காமல். ஏழரைக்குள் தாலி ஏறியது. விருந்தில் அவர் தயிர்சோறு மட்டும் சாப்பிட்டார். ஊறுகாய் இருந்த பக்கம் திரும்பவில்லை.

1992-இல் நரிக்குடியில் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ராத்திரியும் எல்லோரும் பல் விளக்கினார்கள். அக்கா கொண்டுவந்த பழக்கம். தாய்மாமனோ அதைத் தாமே கண்டுபிடித்ததைப் போல எனக்குப் பாடம் நடத்தினார்: “ஈறுல இருந்து பல்லு நுனிக்கு, மெல்லமா. அழுத்தக் கூடாது தம்பி. தின்னா வாய் கொப்புளிக்கணும்.” அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. நான் வாங்கிய பிரஷ்களில் ஒன்றே ஒன்றுதான் கெட்டி ரகம். கைப்பிடியில் ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’ என்று போட்டிருந்தது. முந்தின நாள் தட்டுகளில் சாமான்களை எடுத்து வைத்தது அக்கா. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். அது தாய்மாமன் தட்டுக்குத் தற்செயலாகப் போனதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். “சாப்பிட்டியா, வாய் கொப்புளிச்சியா?” என்று மட்டும் கேட்கிறாள்.